ஆட்சேபணை தெரிவித்தவர்

மரம் வெட்டும் அனுமதி அலுவலகத்தில் இரண்டாம் கவுண்ட்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவருக்கு ரூல்தடி என்று பெயர். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால். விண்ணப்பத்தில் மரத்தின் சுற்றளவு விட்டுப்போனால் திருப்பி அனுப்புவார். பாதியில் மை நிறம் மாறினாலும் திருப்பி அனுப்புவார். மந்திரியின் மச்சானே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். அவ்வளவு கறாரான மனிதர் தன் வீட்டு வாசற்படியைத் தாண்டியதும் வாயில்லாப் பூச்சி. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் மனைவியிடம் ஒரு தடவைகூட ‘வேண்டாம்’ என்று சொன்னதில்லை. பயம் என்று சொல்லிவிட முடியாது. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

மனைவி தையல்காரி. மெஷின் இருப்பது படுக்கையறையில். யூனிபார்ம் தைக்கும் மாதங்களில் கட்டிலில் பாதி துணிக்கு, மீதி இவருக்கு. புரண்டு படுத்தால் குண்டூசி குத்தும். ஒருநாள் சாப்பிடும்போது அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

“பின்னாடி நிக்கிற வாதாம் மரத்தை வெட்டிட்டு அங்க ஒரு தையல் ரூம் போடலாம்னு இருக்கேங்க. எல்லாம் எழுதிட்டேன். ஆபீஸ்ல பதிஞ்சிடுங்க.”

அவர் வாங்கிப் பார்த்தார். சுற்றளவு இருந்தது. மையும் ஒரே நிறம். திருப்பி அனுப்ப ஒரு வழியும் தெரியவில்லை. “சரி” என்றார்.

அந்த மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் உண்டு. அவர் ஆபீஸ் விட்டு வந்ததும் அவள் மெஷினை நிறுத்திவிட்டு டீயோடு வருவாள். மேலெல்லாம் ஒட்டியிருக்கும் நூல் பிசிறுகளைக் கிள்ளிப் போட்டபடி அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவாள், அவர் கேட்பார். தனி அறை வந்தால் ஆர்டர் இரண்டு மடங்காகும், அவள் எழுந்து வர மாட்டாள். அந்த அரை மணியும் போய்விட்டால் நாளில் என்ன மிச்சம்?

விதிப்படி மரத்தில் பதினான்கு நாள் அறிவிப்பு தொங்க வேண்டும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதலாம். அறிவிப்பைக் கட்டியவர் அவரேதான். பத்தாம் நாள் தபால்தலை ஒட்டி, தன் மனைவிக்கு எதிராகத் தானே ஓர் ஆட்சேபணையைத் தபால்பெட்டியில் போட்டார். மொட்டைக் கடிதாசி செல்லாது என்பதால் பெயரும் எழுதினார். செல்லுபடியாகும் காரணங்கள் நாலே நாலு: நூறு வயசான மரம், எல்லைத் தகராறு, பொதுவழி நிழல், பறவைக் கூடு. அவருடைய காரணம் அந்த நாலில் இல்லை. ‘பறவைக் கூடு’ என்று எழுதிவிட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

அந்த உறையை, மரத்தைப் பார்க்க அதிகாரி வரும் ஆய்வு நாளில்தான் எல்லோர் முன்னிலையிலும் பிரிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ஆட்சேபணை வந்திருப்பதாக வீட்டுக்குக் கடிதம் வந்தபோது மனைவிக்குச் சந்தேகமே இல்லை. “பின்வீட்டுக்காரர் வேலைதான். அவர் கார் நம்ம மர நிழல்லதானே நிக்குது?”

அன்றைக்கே பின்வீட்டுக்காரர் தைக்கக் கொடுத்திருந்த பேண்ட் திரும்பிப் போயிற்று, ஒரு கால் மட்டும் மடித்துத் தைக்கப்பட்டு. அந்த மனிதர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டு நின்றார். ரூல்தடியோ திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் மூச்சு விடவில்லை.

ஆய்வுக்கு அவர் ஆபீஸிலிருந்தே ஒரு பெண் அதிகாரி டேப்பும் உறையுமாக வந்தார். மனைவி பின்வீட்டுக்காரரையும் வரவழைத்து நிறுத்தியிருந்தாள்.

“பேரை சத்தமா படிங்க மேடம். அவரும் கேக்கட்டும்.”

அதிகாரி உறையைப் பிரித்தார். பெயரைப் பார்த்தார், ரூல்தடியைப் பார்த்தார், மறுபடியும் பெயரைப் பார்த்தார். பிறகு படித்தார்.

“அப்ப என் இன்னொரு காலு?” என்று மட்டும் கேட்டார் பின்வீட்டுக்காரர்.

அதிகாரி அண்ணாந்து கிளை கிளையாகத் தேடினார். “கூடு எங்க சார்?”

“இல்லம்மா.”

“பொய்க் காரணம் எழுதினா...”

“எழுத்து மூலமா எச்சரிக்கை. விதி ஒன்பது. தெரியும்மா.”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல ஸ்டாம்பு ஒட்டணுமாங்க?”

“ரூம் வந்தா நீ அதுக்குள்ளயே இருந்துடுவ,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “சாயங்காலம் நீ வந்து பக்கத்துல உக்காருவேன்னுதான் நான் நேரா வீட்டுக்கு வரேன். அதை வெட்ட வேணாம்.”

அதிகாரி டேப்பைச் சுருட்டினார். “எனக்குப் புரியுது சார். ஆனா விதியில இடமில்ல.”

“இல்லதான்” என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஆட்சேபணை தள்ளுபடி. மறுநாள் வெட்டும் அனுமதியையும் தனக்கான எச்சரிக்கைக் கடிதத்தையும் அவரே டைப் அடித்தார். அனுமதி ஆறு மாதம் செல்லும். மனைவி அதை வாங்கி மெஷின் டிராயரில் வைத்துப் பூட்டினாள். இரண்டு நாள் டீ வந்தது, பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள் பேச்சும் வந்தது. மரம் வெட்டுகிறவர் வந்து கேட்டபோது “அப்புறம் பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினை ஹாலுக்கும் டி.வி.யைப் படுக்கையறைக்கும் மாற்றச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் தூக்கினார். பின்வீட்டுக்காரருக்கு இன்னொரு காலும் கூலி வாங்காமல் தைத்துக் கொடுக்கப்பட்டது.

ஆறு மாதம் முடியப்போகும் வாரத்தில் அவள் நேராக ஆபீஸுக்கே வந்தாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் புதுப்பிக்கும் படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். ‘இதுவரை வெட்டாததற்குக் காரணம்’ என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: ‘வீட்டுக்காரர் வேண்டாம் என்றார்.’

அவர் அதை இரண்டு முறை படித்தார். “வெட்டப் போறதில்லைன்னா எதுக்கு இது?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எங்கிட்ட இருக்கட்டும். இன்னொரு தடவை உங்ககிட்டருந்து எனக்குத் தபால் வந்துச்சுன்னா, அன்னைக்கே ரம்பத்தோட ஆள் வரும்.”

அவள் எழுதியிருந்தது எந்த விதியிலும் இல்லாத காரணம். அவருக்குக் கண் கலங்கியது. முத்திரையை எடுத்துப் படிவத்தில் குத்திக் கொடுத்தார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். “தலைகீழா அடிச்சிருக்கீங்க” என்றாள்.