கியூடெக்ஸ் பொட்டு வைத்த செயின்

ஏறாவூரில் ஐந்து வேளையும் தொழுகிற ஒரு பெண், அதுவும் நாற்பத்துமூன்று வயதில், கியூடெக்ஸ் வாங்கினால் கடைக்காரன் ஏறிட்டுப் பார்க்கத்தான் செய்வான். நகத்தில் சாயம் இருந்தால் தொழுகைக்கு முன் கழுவுகிற ஒழு சேராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "மகளுக்கு" என்றாள் சித்தி நபீஸா, அவன் கேட்காமலேயே. அவளுக்கு மகள் கிடையாது. ஒரு திருட்டைப் பிடிக்கப் புறப்பட்டவள் ஒரு பொய்யோடுதான் புறப்பட்டாள்.

அவள் பூச நினைத்தது நகத்தில் அல்ல, செயினில்.

மரம் அறுக்கிற செயின் வாளுக்குச் சாமான் விற்கிற, பழுது பார்க்கிற கடை அவளுடையது. திறந்தவர் கணவர் முகைதீன்பாவா. அவர் கத்தாருக்கு லொறி ஓட்டப் போய் மூன்று வருடம் ஆகிறது. அதன்பிறகு கல்லாவில் நபீஸா, பழுது பார்க்கிற மேசையில் தன்னாமுனை நிலோஜன். அவன் முப்பத்திரண்டு வயதுக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், அந்தக் கடையில் ஆறு வருடம் அரம் பிடித்தவன். இதுவரை அவன்மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. ஆனால் நபீஸாவின் சந்தேகம் அரிசிக்குள் வண்டு மாதிரி. எப்போது வந்தது என்று தெரியாது, வந்தபின் பானை முழுக்க அதுதான்.

மூன்று கிழமையாகவே அவன் நடப்பு சரியில்லை. வாடிக்கைக்காரர் சாமானோடு படியிறங்கினால் இவனும் ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு பின்னாலேயே இறங்குகிறான். பஸ் நிறுத்தத்தடியில் நின்று அவர்களோடு குசுகுசுக்கிறான். சட்டைப் பையில் என்னவோ வைத்திருக்கிறான். அதை எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகைக் காட்டுகிறான். போதாக்குறைக்கு, தன்னாமுனையில் அவன் தனிக்கடை போடப்போகிறான் என்று யாரோ ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

எல்லாவற்றுக்கும் மேலே, சுவரில் இருந்த இரண்டு ஆணிகள் அவளை உறங்கவிடவில்லை. ஒன்றில் ஐம்பத்தெட்டாம் எண் செயின்கள், மற்றதில் அறுபத்துமூன்றாம் எண். வாளின் நீட்டுத் தகட்டுக்குப் 'பார்' என்று பெயர். அதன் விளிம்பைச் சுற்றி ஒடுங்கிய பள்ளமாக ஒரு தவாளிப்பு ஓடும். செயினின் கீழ்ப்பல் அந்தத் தவாளிப்பில்தான் இறங்கி ஓடவேண்டும். கீழ்ப்பல்லின் தடிப்புத்தான் கேஜ். அங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஐம்பத்தெட்டோ அறுபத்துமூன்றோ. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு தலைமயிர், கூடினால் இரண்டு. தடித்த செயின் ஒடுங்கிய தவாளிப்பில் ஏறாது. அது நல்லது, கடையிலேயே தெரிந்துவிடும். மெல்லிய செயின் அகன்ற தவாளிப்பில் நல்ல பிள்ளையாட்டம் ஏறிவிடும். ஏறி, மரத்துக்குள் போனபின் ஆடும், வெட்டு வளைந்து போகும், ஒருநாள் கழன்று பாயும்.

நாலு மரம் அறுத்தால் பாரில் அச்சடித்த எண் அழிந்துபோகும். ஆகவே அளந்துதான் கொடுக்கவேண்டும். அதற்கு முகைதீன்பாவா வைத்துவிட்டுப் போன அளவுகோல் ஓர் இரண்டு ரூபாய்க் காசு. வெற்றுத் தைலடப்பாவின் மூடிக்குள் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். "இந்தக் காசு உள்ளுக்குள்ள இறங்கினா அறுபத்திமூணு, வாசல்ல நிண்டா அம்பத்தெட்டு. வேற ஒண்டும் யோசிக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார். நபீஸாவும் வேறொன்றும் யோசிக்கவில்லை.

இப்போது அறுபத்துமூன்று ஆணியில் அவள் விற்காத செயின்கள் குறைந்தன. ஐம்பத்தெட்டு ஆணியில் விற்ற அளவுக்குக் குறையவில்லை. நல்லதை வெளியே தள்ளிவிட்டு, யாரோ கழித்ததைக் கொண்டுவந்து மாட்டுகிறான் என்று அவள் முடிவு கட்டினாள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை மாங்கேணியிலிருந்து ஒருவர் பாரோடு வந்தார். நபீஸா தவாளிப்பில் காசை வைத்தாள். வாசலில் நின்றது. ஐம்பத்தெட்டை எடுத்து, ஒரு கீழ்ப்பல்லின் உட்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் சிவப்புப் பொட்டு வைத்து, ஊதிக் காயவைத்துக் கொடுத்தாள். அவர் படியிறங்கினார். நிலோஜன் எழுந்தான்.

"எங்க தம்பி?"

"பீடா ஒண்டு வாங்கிட்டு வாறன் அக்கா."

செவ்வாய் காலை அவள் வெள்ளெனவே வந்து ஐம்பத்தெட்டு ஆணியைப் பார்த்தாள். பொட்டு வைத்த செயின் அங்கே தொங்கியது. அறுபத்துமூன்றில் ஒன்று குறைந்திருந்தது. இவன் மனைவியின் பேறுகாலத்துக்குத் தன் கையால் மருந்துச் சரக்கு இடித்துக் கொடுத்தனுப்பியவள் அவள்.

கையோடு பிடிக்கவேண்டும், சாட்சியோடு பிடிக்கவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவன் அரைநாள் போனான். அதையும் அவள் நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து கரடியனாறு வினாயகமூர்த்தி வந்தார். காற்றுக்கு விழுந்த வாகை மரம் ஒன்று வட்டைக்கு, வயலுக்கு, போகிற பாதையை மறித்துக் கிடக்கிறதாம். அவள் காசை வைத்தாள், நின்றது. பொட்டு வைத்து ஐம்பத்தெட்டைக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை திறந்த கையோடு ஓட்டோ ஒன்று வந்து நின்றது. வினாயகமூர்த்தி ஒற்றைக் காலை ஊன்றி இறங்கினார். மற்றக் கெண்டைக்காலில் கட்டு. பாரையும் செயினையும் மேசையில் போட்டார்.

"ஏழு தையல், தங்கச்சி. செயின் கழண்டு பாஞ்சது. வெட்டு முழுக்க அரிவாளாட்டம் வளைஞ்சு கிடக்கு. இன்னும் கொஞ்சம் மேல பட்டிருந்தா நான் இஞ்ச வந்திருக்க மாட்டன்."

நபீஸா செயினைத் திருப்பினாள். சிவப்புப் பொட்டு இருந்தது. அவள் விற்ற அதே செயின். அப்படியானால் இதை யாரும் மாற்றவில்லை. அந்த எண்ணத்தை முழுதாக எண்ணிமுடிக்கும் முன்னமே, பழுது மேசையில் இருந்த நிலோஜனை நோக்கி நாக்கு முந்திவிட்டது.

"என்னட்டக் கேட்டு என்ன அண்ணன்? இவரட்டக் கேளுங்க. நான் விக்கிற செயின வெளிய வச்சு மாத்திறார். எல்லாத்திலயும் பொட்டு வச்சிருக்கன், தெரியுமா தம்பி உனக்கு? மாங்கேணியாருக்கு வித்தது அடுத்தநாளே ஆணியில தொங்குது. அந்தப் பைக்குள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கா? எடு பாப்பம்!"

நிலோஜன் எழுந்து வந்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். விரல் நீளத்தில் அரத்தால் ராவி மினுக்கிய ஓர் இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.

வினாயகமூர்த்தியின் பாரை நிமிர்த்தி, தவாளிப்பைத் துடைத்து, துண்டை வைத்தான். அது அடிவரைக்கும் இறங்கியது. பிறகு மூடிக்குள் கிடந்த காசை வைத்தான். வாசலிலேயே நின்றது.

"இது அறுபத்திமூண்டு பார், அக்கா. நுனியில இருக்கிற சில்லும் அறுபத்திமூண்டு. செயின் மட்டும் அம்பத்தெட்டு. ஆடி ஆடிச் சில்லுப் பல்லையும் ஒரு பக்கம் தின்னிட்டுது, பாருங்க."

"அப்ப காசு ஏன் இறங்கல்ல?"

"இது பாவா அண்ணன் ராவின காசு இல்லையே. அந்த அளவுக்குத்தான் இந்தத் துண்ட நான் ராவினன்."

"ராவினதா?" என்றாள் நபீஸா. "ரெண்டு ரூபாக் காசுதானே? எந்த ரெண்டு ரூபாயெண்டா என்ன?"

வினாயகமூர்த்தி கால் வலியையும் மறந்து அவளைப் பார்த்தார். நிலோஜன் மெல்லக் கேட்டான்: "உங்களுக்கு மெய்யாவே தெரியாதா? புது அறுபத்திமூண்டு பார் ஒண்ட வச்சு, ரெண்டு பக்கமும் ராவி ராவி, ஒருநாள் முழுக்க இருந்து அண்ணன் செஞ்சது. நான்தான் பக்கத்தில அரம் பிடிச்சன்."

அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்கு முன்னால் மூன்று கிழமைக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் சதக்கா கேட்டு வருகிற கிழவிகளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது அவள் வைராக்கியம். அன்றைக்குச் சில்லறை முடிந்துபோக, கடைசிக் கிழவிக்கு மூடிக்குள் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். மாலையில் காசுக்குக் காசு என்று வேறொன்றை எண்ணெயில் துடைத்துப் போட்டாள். நன்மை செய்த நினைப்போடு அன்றிரவு நன்றாகத் தூங்கியும் இருந்தாள்.

"தெரிஞ்சா ஏன் தம்பி என்னட்டச் சொல்லல்ல?"

நிலோஜன் தரையைப் பார்த்தான். "போன மாசம் அம்பத்தெட்டுல ஒரு பெட்டி வாங்கினீங்க, போகாமக் கிடந்தது. அதத் தள்ளத்தான் தெரிஞ்சுகொண்டே காச மாத்திட்டீங்களெண்டு நினைச்சன். கேக்க மனம் வரல்ல. ஆறு வருசமாச் சோறு போட்ட கடை. ஆக்களுக்குக் கால் கை போகக்கூடாதெண்டு பின்னால ஓடி மாத்திக் குடுத்தன். புதன்கிழமை மட்டும்தான் நான் இல்ல."

நபீஸா வினாயகமூர்த்தியின் காலைப் பார்த்தாள். ஏழு தையலும் தன் கையால் போட்டது போலிருந்தது. "அண்ணன், பிழை என்னுடையது" என்றாள். அவனைப் பார்த்தும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. அது வாய் வாசலிலேயே நின்றது, தடித்த காசு மாதிரி.

நிலோஜன் புதுச் சில்லும் அறுபத்துமூன்றுச் செயினும் பூட்டி, கையால் சுற்றிக் காட்டி அவரை அனுப்பிவைத்தான். பிறகு ஓர் இரண்டு ரூபாய்க் காசை எடுத்து அரத்தைப் பிடித்தான். ராவி முடித்த காசை அவள் முன்னால் வைத்தான். இனி இதை யாரும் தவறிக் கொடுத்துவிடக் கூடாதென்று அவள் கியூடெக்ஸ் போத்தலைத் திறந்தாள்.

"காசின்ட முகத்தில பூசாதீங்க, கேஜ் கூடிரும். விளிம்பில மட்டும் பூசுங்க."

விளிம்பைச் சுற்றிப் பூசினாள். சாயம் அவள் பெருவிரல் நகத்திலும் பட்டது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எனக்கும் ஒரு பொட்டு வச்சிடுங்க அக்கா. வெளிய போனா எந்தக் கடை ஆளெண்டு தெரியணுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மேசைக்குத் திரும்பிப்போய் அரத்தை எடுத்தான். பின்னேரத் தொழுகையான அசருக்குப் பாங்கு ஒலித்தது. நபீஸா ஒழுவுக்கு எழுந்தவள், நகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். பிளேடால் சுரண்டத் தொடங்கினாள். முழுதாகப் போக வெகுநேரம் பிடித்தது.