கூடாரத்துக்கு அடித்த மிளகாய்

கரடியை விரட்டுகிற மிளகாய்த் தெளிப்பானைக் கொசு மருந்து போலக் கூடாரத்தின் மேல் அடித்துவைக்கும் மனிதர்களை என்ன செய்வது? அமெரிக்காவின் மொன்டானா மலைகளில் எத்தனையோ கோடைகள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறேன். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சாப்பாட்டு மூட்டையை மரத்தில் உயரக் கட்டுங்கள், பற்பசைகூடக் கூடாரத்துக்குள் கூடாது, வாசனைக்குக் கரடி வரும் என்று தொண்டை வறளச் சொல்லியிருந்தேன். இந்த முறை மனைவியோடு வந்திருந்த பிராட்ஃபோர்டு தலையைத் தலையை ஆட்டினார். மறுநாள் காலை நாங்கள் எட்டத்தில் அடுப்பு மூட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, குட்டியோடு வந்த தாய்க்கரடி அவருடைய கூடாரத்தை நக்கிப் பிறாண்டிக் கிழித்துவிட்டது. சட்டியைத் தட்டிக் கத்தி விரட்டினோம்.

கிழிந்த துணியில் ஆரஞ்சுத் திட்டுகள், மிளகாய் நெடி.

"இதுல என்ன அடிச்சீங்க?"

"ஒண்ணுமில்லையே, லோர்னா."

காற்றில் பறக்கும்போதுதான் அது கண்ணை எரிக்கும். காய்ந்துவிட்டால், மறுபடி நனைகிறவரை எரிச்சல் இருக்காது; அந்த வாசனையே கரடியைக் கூப்பிடும். டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறார்கள், படித்தால்தானே!

அந்தக் கரடியின் காதில் மஞ்சள் அடையாள வில்லை இருந்தது. ஏற்கெனவே ஒரு புகாரில் மாட்டியது என்று அர்த்தம். இன்னொரு புகார் வந்தால் சுட்டுவிடுவார்கள். இதையும் சொன்னேன். அப்படியும் சிக்னல் கிடைத்த இடத்திலேயே பிராட்ஃபோர்டு வனவிலங்குத் துறைக்குப் போன் போட்டார். கரடி தாக்கிவிட்டதாம்!

அடிவாரத்தில் வனவிலங்கு அதிகாரி வெர்னன் இரும்புக் கூண்டோடும் துப்பாக்கியோடும் காத்திருந்தார்.

"கூடாரத்துல திங்கிற சாமான் ஏதும் வச்சிருந்தீங்களா?"

"சத்தியமா இல்ல சார். சும்மாவே பாஞ்சு வந்துச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "சும்மாவா? ஏன்யா, சொல்ல வாய் கூசல? வெர்னன், இந்த ஆளோட டப்பாவ ஆட்டிப் பாருங்க, காலி!"

"அது வழியில விழுந்து ஒழுகிடுச்சு. துணியில இருக்கிறது வெறும் சேறு."

அவர் மனைவி கொரின், பையிலிருந்து அந்தக் கிழிந்த கூடாரத் துணியை உருவினாள். தண்ணீர் ஊற்றி நனைத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"வெறும் சேறுதானே? இந்தா, மூஞ்சியத் தொடச்சுக்கோ."

பிராட்ஃபோர்டு கையை நீட்டவில்லை. மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்.

வெர்னன் துப்பாக்கியை வண்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஒரு கரடிக்காகவா இவ்வளவு?" என்று பிராட்ஃபோர்டு முணுமுணுத்தார்.

"ஆமாய்யா," என்றேன். "ஒரு கரடிக்காகத்தான். அதுக்குப் பின்னால ஒரு குட்டி ஓடுச்சே, உன் கண்ணுல படலையா?"