பல்லுக்கு நீலம், கண்ணுக்கு மஞ்சள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளா. இந்தக் கதை எனக்கு மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது.

எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சித் திடலில் இலவச மருத்துவ முகாம் போடுவார்கள். பரிசுக் காளைகள் நிற்கிற கொட்டகையைக் கழுவிவிட்டு, அதில் பல் வைத்தியர்களின் நாற்காலிகளை வரிசையாக வைப்பார்கள். மருத்துவக் காப்பீடு இல்லாத சனமெல்லாம் வந்து நிற்கும். நான் தேவாலயப் பெண்களோடு காப்பி ஊற்றப் போயிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெண் நகரமாட்டேன் என்று நின்றாள். நான் கண்ணால் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது, அவள் பெயர் உட்பட.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "டெல்ஃபியா ராஸ்னிக் கண் விழித்தபோது மலைமுகட்டில் பனி மெல்ல" — விட்டுவிட்டேன். பல்வலிக்காரி எந்த முகட்டைப் பார்த்தாள்?

அப்புறம் இப்படி: "காப்பீடு இல்லாமல் வாழும் கோடிக்கணக்கானவர்களில்" — இதுவும் வேண்டாம். கோடிக்குப் பல் வலிக்காது. ஒருத்திக்குத்தான் வலிக்கும்.

டெல்ஃபியாவின் இடது தாடை வீங்கியிருந்தது. இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

2

அவளுக்கு வேலை, வயதானவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களைப் பார்த்துக்கொள்வது. இப்போது பார்ப்பது ஹோபர்ட் என்ற கிழவரை. குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், வேளைக்கு வேளை மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். பிறர் உடம்பைக் காக்கிற அவளுக்குத் தன் உடம்புக்குக் காப்பீடு கிடையாது. வேலைக்கு அனுப்புகிற நிறுவனம், காப்பீடு தரவேண்டிய அளவுக்கு அவளுடைய வேலை நேரம் கூடிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. ஏழைகளுக்கான அரசுத் திட்டத்துக்கு அவள் சம்பளம் கொஞ்சம் அதிகம். சொந்தமாக வாங்கவோ ரொம்பக் குறைவு. அந்த இடைவெளியில் அவள் நிற்கிறாள்.

கொஞ்ச நாளாக மாத்திரைக் குப்பியின் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரித் தெரிகிறது. போன வாரம் படுக்கைக்குப் போகுமுன் தரவேண்டியதைக் காலையில் கொடுத்துவிட்டாள். கிழவர் பகல் முழுக்கத் தூங்கினார். டெல்ஃபியா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை?

பல்லுக்கு அவளுடைய அக்காள் புருஷன் வர்ஜில் மருந்து வாங்கித் தந்திருந்தான். தீவனக் கடையில் தொட்டி மீன்களின் நோய்க்கென்று விற்கிற கிருமிக்கொல்லி மாத்திரை. அப்போதெல்லாம் அதற்கு மருத்துவர் சீட்டு கேட்கமாட்டார்கள்.*

(* எங்கள் பக்கத்தில் இதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. நீங்கள் இதைச் செய்யாதீர்கள், கண்ணுகளா. மேல் வீக்கம் வடியலாம். வேரில் பிடித்த சீழ் அங்கேயே இருக்கும்.)

வீக்கம் பாதி வடிந்தது. பல் சரியாகிவிட்டது என்று டெல்ஃபியா நம்பிவிட்டாள். முகாமில் ஒருவருக்கு ஒரு பட்டைதான் கையில் கட்டுவார்கள்: பல்லுக்கு நீலம், கண்ணுக்கு மஞ்சள். கூட்டம் அப்படி. அவள் மஞ்சளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணாடி வந்துவிட்டால் குப்பியைப் படிக்கலாம்.

வரிசை பாதி நகர்வதற்குள் தாடை மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

3

இங்கே வர்ஜில் வரவேண்டும். அவன் கூரை வேய்கிறவன். எல்லாரும் காப்பீடு வாங்கியே தீரவேண்டும் என்கிற சட்டத்தைப் பற்றி யாராவது வாயெடுத்தாலே சண்டைக்கு நிற்பான். அவனைக் கதையின் முட்டாளாக்குவது என்றுதான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வரிசையில் நின்ற அவனைக் கூப்பிட்டு, பேச்சை டெல்ஃபியாவிடமே விட்டேன்.

"என்ன மச்சான், வண்டி ஓட்ட மட்டும்தான் வந்தேன்னீங்க. கையில நீலப் பட்டை எதுக்கு? வளையல் போட்டுப் பாக்க ஆசையா?"

"சும்மா நிக்கிற நேரத்துல ஒண்ணைப் பிடுங்கிட்டுப் போலாம்னுதான்."

"காப்பீடு வேணாம், ஓசிப் பல்லு மட்டும் வேணுமாக்கும்."

"காப்பீடு வேணாம்னு எப்ப சொன்னேன் கொழுந்தியா? வாங்கித்தான் ஆகணும்னு மிரட்டாதேன்னேன். என் உடம்பு என் கூரை மாதிரி. ஒழுகுனா நானே பாத்துக்குவேன்."

"கூரைக்கு ஏணி போட்டு ஏறுவீங்க. வாய்க்குள்ள எப்படி ஏறுவீங்க?"

முன்னால் நின்ற ஒருவர் காப்பியைச் சிந்திக்கொண்டு சிரித்தார். வர்ஜிலும் சிரித்தான். அப்புறம் நிதானமாகச் சொன்னான்: "அந்த டாக்டரைப் பாரு. பிரியப்பட்டு வந்திருக்கான். யாரும் அவன் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வரலை. மனுசனுக்கு மனுசன் செய்யறது இதுதான்."

"நல்ல மனுசன்தான். வருசத்துக்கு ஒருக்கா பிரியப்படறார். எனக்குத் தினம் வலிக்குதே மச்சான்."

 வர்ஜில் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாத்திரையை வாங்கித் தந்தவன் அவன்தானே.

(அவனை முட்டாளாக்க எழுதிய வரிகளையெல்லாம் அடித்துவிட்டேன். அவன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வேலையை விட்டுவிட்டு இவளை வண்டியில் ஏற்றிவந்தவனும் அவன்தான். அதை என் வசதிக்காக மறைக்க முடியாது.)

4

டெல்ஃபியா வரிசையை விட்டு விலகி மேசைக்குத் திரும்பிப் போனாள். பட்டை கட்டிவிடுகிற மார்லீன், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இவளையும் கெட்டவளாக்க எனக்கு மனமில்லை.

"எனக்கு நீலமும் வேணும்க்கா."

"மஞ்சளைக் கழட்டிக் குடு கண்ணு, நீலம் கட்டுறேன். ரெண்டு தர முடியாது."

"கழட்டினா நாளைக்கு ஹோபர்ட்டுக்கு எதைப் பாத்து மாத்திரை குடுப்பேன்?"

"அப்ப மஞ்சளே இருக்கட்டும்."

"நெத்தியைத் தொட்டுப் பாருங்க."

மார்லீன் தொட்டுப் பார்த்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

"கொதிக்குதே," என்றாள்.

"பல்லும் கண்ணும் ஒரே மூஞ்சியிலதானக்கா இருக்கு. அந்த மூஞ்சிக்கு எந்த வரிசை?"

"பின்னாடி திரும்பிப் பாரு. வாசலைத் தாண்டி ஆளு நிக்குது. உனக்கு ரெண்டு கட்டினா கடைசியில ஒருத்தர் வெறுங்கையோட போவாங்க. அவங்களுக்கு நீ பதில் சொல்றியா?"

டெல்ஃபியா திரும்பிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

"சொல்றேன். அவங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறேன். நகரமாட்டேன்."

அந்தக் குரலில் கோபம் இல்லை. வேலைக்காரி ஒருத்தி வேலையை முடிக்காமல் கிளம்பமாட்டேன் என்று சொல்கிற குரல் அது.

5

இனி முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

முதலாவதில், வர்ஜில் தன் நீலப் பட்டையை அறுத்து அவளுக்குக் கொடுக்கிறான். அழகாக வந்தது, எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே அடித்தேன். இங்கே எல்லாரும் நல்லவர்கள்தான், நல்லவர்கள் இருந்தால் போதும் என்று உங்களைத் தூங்கவைக்கிற முடிவு அது. வர்ஜிலின் பல்லும் சொத்தைதான்.

இரண்டாவதில், சீழ் ரத்தத்தில் கலந்து டெல்ஃபியா இறந்துபோகிறாள். அப்படி நடப்பதுண்டு. ஆனாலும் அவளைக் கொன்று காட்டினால்தான் நீங்கள் இரங்குவீர்கள் என்று நான் நினைத்தால், அது உங்களுக்கும் அவமானம், அவளுக்கும் அவமானம்.

மூன்றாவது, "அந்த ஆண்டே ஒரு சட்டம் வந்து, யாருமே இனி" — அந்த வாக்கியத்தை முடிக்க என் பேனாவுக்கு அதிகாரம் இல்லை.

ஆகவே டெல்ஃபியா நகராமல் நின்ற இடத்திலேயே கதையை நிறுத்துகிறேன். "பெரிய டாக்டரைக் கேட்டுட்டு வரேன்" என்று மார்லீன் எழுந்து போய்விட்டாள். அவள் நாற்காலி காலியாக இருக்கிறது. வாருங்கள், உட்காருங்கள்.

உங்கள் முன்னால் நீலப் பட்டைகள் கொஞ்சம் இருக்கின்றன. எதிரில் டெல்ஃபியா. வாசலுக்கு வெளியே, வரிசையின் கடைசியில் ஒருவர். அவரை நான் எழுதவில்லை. எழுதி உங்கள் தராசை எந்தப் பக்கமும் சாய்க்க எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது பட்டையைக் கட்டுவீர்களோ மறுப்பீர்களோ, பட்டைகள் ஏன் இத்தனைதான் என்று எழுந்து நின்று கேட்பீர்களோ, அது உங்கள் பாடு. மார்லீன் வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அவளை நான் திருப்பி எழுதப்போவதில்லை.

டெல்ஃபியா பட்டையில்லாத கையை மேசைமேல் வைத்துவிட்டாள்.