புயல் ஏறாத மூன்றாம் மாடி

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் தொடங்கியது. அதை மறைக்க வேண்டியதில்லை. என் அண்ணன் இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், சர்க்கரை போடாத துக்கக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் எங்கள் கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்தார், சுவரின் அடிப்பகுதியைப் பார்த்தார், புத்தக அலமாரியைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"தண்ணி எந்த ஜன்னல் வழியா வந்துச்சு?"

துக்க வீட்டில் மனிதர்கள் என்னென்னவோ பேசுவார்கள். நானும் ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் மூடியிருந்தன. அவற்றுக்கு வெளியே தொலைவில் கடல், பால் ஊற்றியது போன்ற மூட்டத்துக்குள் இருந்தது. அவர் காப்பியைக் குடித்து முடித்து, கோப்பையை எச்சரிக்கையாகக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நான்" என்று எழுதினால் எனக்குக் கை நின்றுவிடுகிறது. இதுவரை எழுதியதே பெரிய பாடு. ஆகவே இனி இந்தப் பெண்ணுக்குத் துரியா என்று பெயர். அண்ணனுக்கு ஷவ்கி. தப்பு செய்ய அவருக்கு ஒரு பெயராவது இரவல் கொடுக்கலாம்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"நவம்பரில் அலெக்ஸாந்திரியாவுக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்த புயல் வரும், அது கடலைத் தூக்கிச் சாலையில் போட்டு" — இங்கே நிறுத்தினேன். வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் ஒவ்வொரு புயலுக்கும் பெயர் உண்டு, தேதி உண்டு. வரப்போகிற மாமனாரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவோம். அதனாலேயே புயலின் மேல் பழியைப் போட்டால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. இது கதைக்கு முக்கியம். ஆனால் தொடக்கத்துக்கு ஆகாது.

"ஷவ்கி ஒரு திருடர்." இது உண்மை. எழுதிவிட்டு எழுந்து போய் அவருடைய பழுப்புக் கோட்டைத் தட்டி மாட்டிவிட்டு வந்தேன். வந்து பார்த்தபோது அந்த வரி தனியாக உட்கார்ந்திருந்தது. பாவமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, நீங்கள் மேலே படித்தது.

3

நபி தானியல் தெருவில் வெள்ளிக்கிழமை காலை பழைய புத்தகக் கடைகள் பலகை விரிக்கும்போது, சில வயதானவர்கள் வந்து சேர்வார்கள். எல்லோரும் "நவ்ரஸ்" இதழைச் சேர்ப்பவர்கள். கடற்பறவையின் பெயர் கொண்ட அந்தச் சித்திரக்கதை வாரப் பத்திரிகை அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோதே நின்றுபோனது. ஒரு பெயர் தெரியாத கப்பல் தலைவர் அதில் வாராவாரம் கரை தேடிப் போய்க்கொண்டிருந்தார். பத்திரிகை நின்ற வாரத்தில் கரை தெரிந்ததா இல்லையா என்பது அந்தத் தெருவில் தீராத வழக்கு.

அவர்களிடம் ஒரு முறை இருந்தது. இல்லாதவருக்கு இருப்பவர் இதழை இரவல் தருவார். எழுத்து, சாட்சி எதுவும் கிடையாது. அடுத்த வெள்ளிக்குத் திரும்பிவிடும். ஆனால் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போக மாட்டார். அடுத்தவன் அலமாரியைப் பார்ப்பது அடுத்தவன் மனைவியைப் பார்ப்பதற்குச் சமம் என்று ஷவ்கி சொல்வார். அவருக்கு மனைவி இல்லை. விதவையான தங்கையும் ஓர் அலமாரியும் இருந்தன.

அந்த அலமாரியில் பச்சைத் துணி அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்து பதித்த ஒரு தொகுப்பு இருந்தது. நவ்ரஸின் கடைசி ஆண்டு முழுவதும், விட்டுப்போகாமல், வரிசையாகத் தைக்கப்பட்டது. சாப்பாட்டுக்கு முன் அதை எடுத்து ஷவ்கி துரியாவுக்குப் படித்துக் காட்டுவார். தலைவருக்கு ஒரு குரல், சமையல்காரனுக்கு ஒரு குரல், காற்றுக்குக்கூட ஒரு குரல். பருப்பு சூப் ஆறிப்போகும். கேட்டுக்கொண்டிருக்கும்போது கூடத்தின் தரை மெல்ல ஆடுவதாகத் துரியாவுக்குத் தோன்றும். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.

[இந்தப் பத்தியை நான் பலமுறை எழுதினேன். ஒவ்வொரு முறையும் ஷவ்கி இன்னும் கொஞ்சம் நல்லவராகிவிடுகிறார். வாசகர் உஷாராக இருக்க வேண்டும்.]

4

கேள்வி கேட்டவர் பெயர் ஃபிக்ரி. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறு வெள்ளிக்கிழமை துரியா அவரைத் தேடிப் போனாள். அதற்கு முன் அந்தத் தெருவில் அவள் காய்கறிப் பையோடு கடந்து போனதுதான் உண்டு.

அவர் சொல்லத் தயங்கினார். அவள் விடாமல் நின்றாள். பிறகு தன் ஸ்டூலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே, ஊர் மரியாதைப்படி "சித்" என்று கூப்பிட்டுச் சொன்னார். பல வருடங்களுக்கு முன் ஓர் இதழை ஷவ்கிக்கு இரவல் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் துடைப்பப் புயல். அதற்கடுத்த வெள்ளி ஷவ்கி வெறுங்கையோடு, முகம் வெளுத்து வந்து நின்றாராம். கடல் வீட்டுக்குள் வந்துவிட்டது, எல்லாம் கூழாகிவிட்டது என்றாராம்.

"நாங்க எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொன்னோம், சித் துரியா. நான் வீட்டுக்குப் போய் என்கிட்ட ரெட்டையா இருந்த இன்னொரு இதழ எடுத்துட்டு வந்து குடுத்தேன். பாவம், எல்லாம் போச்சேன்னு."

இனிச் சொல்வதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரியும். ஃபிக்ரி துக்கத்துக்காக முதன்முறையாக எங்கள் கட்டடத்துக்கு வருகிறார். லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. முதல் மாடியில் மூச்சு வாங்க நிற்கிறார். இதுவாக இருக்கும் என்று நினைக்கிறார். இரண்டாவதில் கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். படி மேலே மேலே போகிறது. ஏதோ ஒரு வளைவில், இறந்தவருக்கான பிரார்த்தனை வாயில் இருக்கும்போதே, அவருக்குப் புரிகிறது. கதவு திறந்து உள்ளே வந்தபோது மிச்சமிருந்தது ஜன்னலைப் பற்றிய கேள்வி மட்டும்தான்.

5

துரியா வீட்டுக்கு வந்து பச்சைத் தொகுப்பை ஜன்னலோரம் வைத்துப் புரட்டினாள். ஷவ்கி விலை கொடுத்து வாங்கிய ஒவ்வொரு இதழின் முதல் பக்கத்திலும் தன் சிறிய நீல நட்சத்திர முத்திரையைக் குத்துவார். அது அவள் அறிந்த பழக்கம். புரட்டப் புரட்ட நட்சத்திரங்கள் வந்தன. மூன்று இதழ்களில் மட்டும் இல்லை.

எடுத்ததை எடுத்துவிட்டார், என்னுடையது என்று குத்த மட்டும் கை வரவில்லை.

ஒன்றில், கப்பல் தலைவரின் தலைக்குப் பின்னால் தேநீர்க் கோப்பை வைத்த வளைந்த கறை, ஞானிகளுக்கு வரைகிற ஒளி மாதிரி. அது ஃபிக்ரியுடையது, அவரே சொல்லியிருந்தார். இன்னொன்றின் பின்னட்டையில் வெட்டி விளையாடும் காகிதப் பொம்மை வெட்டப்பட்டு, பொம்மை வடிவில் ஓர் ஓட்டை. மூன்றாவதில்

[இங்கே மூன்றாவது இதழின் அடையாளத்தை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். காரணம் கடைசியில்.]

மறு வாரம் அவள் தொகுப்பை அப்படியே துணியில் சுற்றி ஃபிக்ரியிடம் கொண்டுபோனாள். நட்சத்திரம் இல்லாத மூன்றையும் பற்றிச் சொல்லி, முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அப்படிக் கொடுத்துவிட்டால் பொருளும் போகும், பேச்சும் முடியும், அண்ணன் பெயர் தெருவில் விழாது என்று அவளுக்கு ஒரு கணக்கு. அவர் துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"மத்தவங்க பொருளும் இதுல இருக்கே. அத நான் வாங்கினா, நானும் அவரும் ஒண்ணுதானே?"

"பிரிச்சா புஸ்தகம் போயிடும், உஸ்தாஸ் ஃபிக்ரி. எல்லாம் ஒரே தையல்."

"தெரியும். நான் கேக்கல. செத்தவர் மேல கேக்கறது முறையில்ல. நீங்க குடுத்தா வாங்கிக்குவேன்."

பிறகு, ஏன் அந்த இதழ் என்று அவராகவே சொன்னார். அவர் இடக்கைக்காரர். சின்ன வயதில் இடது கையால் ரொட்டியைத் தொட்டால் அப்பா கரண்டியால் அடிப்பாராம். நவ்ரஸில் வந்த தலைவரோ இடது கையால் வாள் வீசினார், இடது கையால் சாப்பிட்டார். யாரும் அவரை அடிக்கவில்லை. வெகுகாலம் கழித்து அந்தக் கதையின் வெளிநாட்டு மூலத்தை ஒரு கடையில் பார்த்திருக்கிறார். அங்கே தலைவர் வலக்கைக்காரர். நாம் வலமிருந்து இடமாகப் படிப்பவர்கள் என்பதால் அச்சகத்தில் படங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

"நம்ம ஊருக்கு வர்றப்பதான் இடக்கையனாயிருக்கார்," என்றார். "எனக்காக வந்தவர்னு வெச்சுக்கிட்டேன்."

6

(இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இதில் ஷவ்கி சிரிப்புக்கு ஆளாகிறார். ஆனால் இது இல்லாவிட்டால் அவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது.)

பொம்மை வடிவ ஓட்டைக்கு உரியவர் தஹானி என்று ஃபிக்ரி சொல்லித்தான் தெரிந்தது. பல் டாக்டர். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரே பெண். துரியா வந்த விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்க, அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே குறுக்கிட்டார்.

"எந்தப் புயல் கண்ணு மூணு மாடி ஏறி வரும்? ஒருநாள் காய்ச்சலோட நின்னார், நான்தான் கார்ல கொண்டுவந்து வாசல்ல விட்டேன். மேல கை காட்டி, அதோ நம்ம ஜன்னல்னார். காய்ச்சல் மயக்கத்துல பொய்ய மறந்துட்டார்."

தெரிந்துமா கேட்கவில்லை என்றாள் துரியா.

கேட்கவில்லையாம். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் ஷவ்கி சூடாக ஒரு சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் காகிதத்தில் சுற்றி டாக்டருக்கு வாங்கி வருவாராம். காரணம் சொல்ல மாட்டாராம். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

"கேட்டிருந்தா பத்திரிகை வந்திருக்கும், கிழங்கு நின்னிருக்கும்," என்றார் தஹானி. "அவர் வாயில நான் வெச்சது ரெண்டு பொய்ப்பல்லுதான். மிச்சப் பொய்யெல்லாம் சொந்த உற்பத்தி."

துரியா சிரித்தாள். இறந்த நாளிலிருந்து முதல்முறை. அந்தச் சிரிப்போடு எழுந்துவிடலாம், டாக்டரம்மா மன்னித்துவிட்டார், தொகுப்பு பிழைத்தது என்று அவள் பையை எடுத்தபோது தஹானியின் குரல் மாறியது.

"எனக்கு அது வேணும், துரியா. அந்தப் பொம்மைய வெட்டினது என் தங்கச்சி. அவளுக்கு அப்ப அஞ்சு வயசு. அதுக்கப்புறம் அவ வளரல. ஷவ்கிகிட்ட கேக்க எனக்கு வாய் வரல. உன்கிட்ட கேக்கறேன்."

7

இங்கே இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

ஒன்றில், துரியா தொகுப்பை மறைத்து வைத்துவிட்டு, துடைப்பப் புயலில் நனைந்துவிட்டது என்று சொல்கிறாள். குடும்பப் பொய்யைத் தங்கை தொடர்கிறாள். எழுத எளிதாக இருந்தது. பாதியில் எனக்கே முகம் சுருங்கி —

இன்னொன்றில் ஷவ்கி கனவில் வந்து, பிரித்துவிடு என்கிறார். வந்தது உண்மைதான். ஆனால் கனவில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடம் முழுக்க கணுக்கால் அளவு கடல்நீர்; அவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு, அலமாரியின் முன் நின்று, எந்த ஜன்னல் வழியாக வந்தது என்று அவரும் தேடிக்கொண்டிருந்தார்.

நடந்தது இது. ஒரு மதியம் துரியா சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தொகுப்பைக் கவிழ்த்து வைத்து, துணி ஓரம் பிரிக்கும் சிறிய கத்தரிக்கோலை எடுத்தாள். பச்சைத் துணியை உரித்தாள். பசை காய்ந்த தேன் போல உதிர்ந்தது. முதுகுத் தையலில் முதல் நூலை வெட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் புத்தகம் பெருமூச்சு விட்டதுபோல் தளர்ந்தது. பிறகு ஒவ்வொரு இதழாகக் கையோடு வந்தது. அவள் ஒவ்வொன்றையும் வைக்கும்போது அதில் ஷவ்கி போடும் குரல்கள் ஒன்றிரண்டு கேட்டன. கடைசியில் காற்றின் குரல் வந்தது. மேசை ஆடவில்லை. அவளும் பிடித்துக்கொள்ளவில்லை.

தஹானி தன்னுடையதை வாங்கியதும் பின்னட்டையைத் திருப்பி, ஓட்டைக்குள் விரலை வைத்துப் பார்த்தார். போதும், நீ போ கண்ணு என்றார்.

ஃபிக்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் தேடினார். தேநீர் வட்டம் இருந்தது. ஆனால் பைண்டர் ஓரங்களைச் சீராக வெட்டியபோது வட்டத்தின் ஒரு பக்கமும் போயிருந்தது. அரைவட்டம்.

"மிச்சம்?"

"பைண்டிங்ல வெட்டிட்டாங்க, உஸ்தாஸ்."

அவர் இதழை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்போ புயல் கொஞ்சம் அடிச்சுதான் இருக்கு," என்றார். மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

8

"அவள்" என்று எழுதியது போதும்.

நட்சத்திரமில்லாத மூன்றாவது இதழ் என்னிடம் இருக்கிறது. பத்திரிகையின் கடைசி இதழ் அதுதான். தெருவில் எல்லோரையும் கேட்டுவிட்டேன், யாருடையதும் இல்லை. ஃபிக்ரி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். தஹானி, கிழங்கு கொடுத்தால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். கரை தெரிந்ததா என்று இருவரும் கேட்டார்கள். சொல்லவில்லை. அதற்கு உரியவருக்குத் தெரியும்.

இந்தக் கதையை எழுதியதே அதற்காகத்தான். என்றாவது ஒரு நவம்பரில், நபி தானியல் தெருவில், பழுப்புக் கோட்டு போட்ட ஒல்லியான மனிதர் ஒருவருக்கு நீங்கள் ஓர் இதழ் இரவல் கொடுத்திருந்தால், அடுத்த வாரம் அவர் முகம் வெளுத்து வந்து நின்றிருந்தால், நீங்களும் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தால், அது நனையவில்லை. நான் மேலே அடித்துவிட்ட அடையாளம் என்ன, எந்தப் பக்கத்தில் என்று வந்து சொல்லுங்கள். அந்த வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்த முடிவு அது ஒன்றுதான்.

லிஃப்ட் வேலை செய்யாது. வளைவுகளில் நின்று நின்று ஏறுங்கள். கதவைத் தட்டினால் காப்பி போடுகிறேன். இந்த முறை சர்க்கரை போட்டு.