பூட்டுக்காரர் மனைவியின் பாவசங்கீர்த்தனம்

தலை முழுக்க நரைத்த பிறகும் பூட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. சனிக்கிழமை தவறாமல் மாதாகோயிலுக்குப் போய், பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் நுழைகிற தன் மனைவி, அங்கே சாமியாரிடம் அப்படி என்னதான் சொல்கிறாள்?

கோயில் பங்கு மக்கள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற பெண்மணி அவர். பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவதிலிருந்து பூ ஜாடிக்குத் தண்ணீர் மாற்றுவதுவரை அவர் கைதான். வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து மறைக்கல்வி நடத்துவதால் எல்லோருக்கும் டீச்சரம்மா. பெற்ற பிள்ளைகளையும் வளர்த்துக் கரையேற்றிவிட்டு, மிச்ச நேரத்தில் பூட்டுக்காரரையும் சகித்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்த ஒரு வேலைக்கே தனியாக மோட்சம் தரவேண்டும்.

மனிதர் அப்படி. கல்யாணமான புதிதில் பாடற்குழுவின் ஆர்மோனியக்காரர் மேல் சந்தேகம். அப்புறம் மெழுகுவர்த்தி கொண்டுவந்து போடுகிறவர் மேல். ஆர்மோனியக்காரர் செத்தே போய்விட்டார். சந்தேகம் மட்டும் கல்லுக்குண்டாக இருந்தது.

"மத்தவங்கல்லாம் போன வேகத்துல வந்துடறாங்க. உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?" வாராவாரம் இதே கேள்வி.

"பாவம் ஜாஸ்திங்க" என்பார் டீச்சரம்மா, வெங்காயம் நறுக்கியபடி.

ஒருநாள் வகுப்பில் ஒரு பொடிசு கேட்டது: "நாம சொல்றத சாமியார் யார்கிட்டயும் சொல்ல மாட்டாரா டீச்சர்?"

"உயிரே போனாலும் சொல்ல மாட்டார். தப்பித்தவறி வேற யார் காதுல விழுந்தாலும் அவங்களும் வாயத் திறக்கக் கூடாது. சொன்னவங்ககிட்டயே கூட அதப் பத்திப் பேசக் கூடாது."

பக்கத்து அறையில் சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த பூட்டுக்காரருக்கு இது நன்றாகவே கேட்டது.

வயதாக ஆக டீச்சரம்மாவுக்குக் காது மந்தமானது. ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கப் பேசினார். பூட்டுக்காரரின் மூளை சுறுசுறுப்பானது.

அந்தச் சனிக்கிழமை, தாழ்ப்பாளைச் சரிபார்க்கிற சாக்கில், தொட்டிக்குப் பின்னாலிருந்த பக்கக் கதவருகே திருப்புளியோடு போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே முதலில் சில்லறைப் பாவங்கள்: மருமகளிடம் எரிந்து விழுந்தது, செபமாலை நடுவே தூங்கிப்போனது.

"அப்புறம், எப்பவும் சொல்ற அதே பாவந்தான் சாமி."

"சொல்லுங்கம்மா."

"காலம் பூரா அவரு என்னைச் சந்தேகப்பட்டுட்டாரு. நான் ஒரு தப்பும் பண்ணல. பண்ணாமப் போயிட்டோமேன்னு இந்த வாரமும் நினைச்சேன். பண்ணியிருந்தா, பட்ட பாட்டுக்காவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும்."

பூட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு ஓடி, அவள் வந்ததும் காலில் விழுந்துவிடலாம் என்று எழுந்தார். கதவைத் தாண்டும்போதுதான் அந்தப் பொடிசின் கேள்விக்கு அவள் சொன்ன பதில் நினைவுக்கு வந்தது. எதற்கு மன்னிப்பு என்று அவள் கேட்டால், கேட்டதைச் சொல்லியாக வேண்டும். சொல்லவே கூடாது.

டீச்சரம்மா வீடு வந்து, டீ போட்டு, அவர் முன்னால் வைத்தார். வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"என்னங்க, இன்னிக்கு ஒண்ணும் கேக்கல?"

அவர் இல்லை என்று தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது.

டீச்சரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வாழ்நாளிலேயே முதல்முறையாகக் கேட்டார்.

"நீங்க எங்க போயிட்டு வந்தீங்க?"