சலவைக் குறி

டெய்லர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தங்கைதான். போன மாதம் பாதி ஊர் தீயில் எரிந்து போனதே, அந்த ஊரில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார். வீடு போய்விட்டது. உயிர் பிழைத்தார்களே, அதுவரைக்கும் நிம்மதி. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் நூறு குடும்பங்களோடு தங்கியிருக்கிறார்கள். வருகிற துணிமணிகளைப் பிரித்துக் கொடுக்கிற வேலை அவள் தலையில்தான்.

"அண்ணா, நீ எனக்குன்னு தைச்சு அனுப்பின பார்சல் வந்துச்சு. அளவு கச்சிதம். ஆனா உங்க தெருவுல சேர்த்ததுன்னு லாரியில வந்தது பதினோரு மூட்டைதான்."

"பதினொண்ணா? என் கண்ணு முன்னாடி நாப்பது மூட்டை எதிர்க்கடைக்குள்ள போச்சேம்மா!"

"நான்தான் நின்னு இறக்கினேன். இங்க பாதிப் பேரு தீப்பிடிச்ச அன்னைக்குப் போட்டிருந்த துணியோடவே இருக்காங்கண்ணா."

டெய்லருக்குச் சுருக்கென்றது. எதிரே இருந்த சலவைக்கடையை ஏறிட்டுப் பார்த்தார்.

கடைக்காரம்மாவைத் தெருவே இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடும். இருபது வருடமாக அத்தனை வீட்டுத் துணியும் அவர் கைபட்டுத்தான் வெளுக்கிறது. தீ விபத்துச் செய்தி வந்த மறுநாளே அட்டையில் எழுதி வாசலில் மாட்டி, எரிந்த ஊருக்குத் துணி சேர்க்க ஆரம்பித்தவரும் அவர்தான். டெய்லரும் பச்சைக் கோடு போட்ட துணியில் ஒரு மூட்டை கட்டிக் கொடுத்திருந்தார். அன்றைக்கு அந்த அட்டையைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது உண்மை. இன்றைக்கு அதே அட்டை வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. 'ஓகோ! இவ்வளவு அக்கறை எதுக்குன்னு அப்பவே யோசிச்சிருக்கணும்' என்று பல்லைக் கடித்தார்.

மனுஷனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் மிஷின் ஓடாது. கை துணியில், கண் எதிர்க்கடையில். இரண்டு நாளில் மூன்று காலர் கோணிப்போயின. மத்தியானம் ஆனால் சலவைக்கடை ஷட்டர் பாதி இறங்குவதைப் பார்த்தார். பின்பக்கச் சந்தில் பழைய துணி வாங்குகிறவனின் தள்ளுவண்டி வந்து நின்றதையும் பார்த்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் போய், ஷட்டருக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்து, ஒரு நல்ல சட்டையின் காலருக்குள்ளிருந்து சலவைக் குறியைச் சின்னக் கத்தரிக்கோலால் பிரித்துக்கொண்டிருந்தார். எந்தத் துணி யார் வீட்டுடையது என்று தெரிய, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதிரி நூலில் போடுகிற அடையாளம் அது. சலவைக்காரர் போடுவாரே தவிர எடுக்க மாட்டார். இது டெய்லருக்கு நன்றாகத் தெரியும். குறியை எடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? யாருடையது என்று தெரியாமல் விற்கப் போகிறார்!

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொட்டினார்.

"அவங்களையே நேரா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

"திருடினவங்க நேராக் கேட்டா நேராச் சொல்லிடுவாங்களா? போடி!"

நேராகக் கேட்காமல் தெரு முழுக்கக் கேட்டார். பேக்கரிக்காரர் காதில் போட்டார், அது போதாதா? சாயங்காலத்துக்குள் கதைக்குக் காலும் கையும் முளைத்துவிட்டது. பேக்கரிக்காரர் துவைக்கப் போட்ட வேலைக் கோட்டுகளைத் துவைக்காமலே திரும்ப வாங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் நாலு வீடு. இருபது வருடக் கடைக்கு மறுநாள் காலையில் ஒரு துணிகூட வரவில்லை.

அன்று பத்து மணிக்கு டெய்லர் பேக்கரிக்காரரையும் ஏழெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு சலவைக்கடைக்குள் நுழைந்தார்.

"அக்கா, நாப்பது மூட்டையில மிச்சம் எங்க?"

இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பின்னாடி ரூம்லதான் இருக்கு மாஸ்டர்."

"குறியை ஏன் பிரிக்கிறீங்க? விக்கத்தானே?"

அக்காவின் முகம் சுருங்கியது. "அந்த ஊர்க்காரங்க யாராவது நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டு இந்தத் தெருப் பக்கம் வந்தா, இது என் சட்டைதான்னு யாரும் விரல் நீட்டிடக் கூடாது. அதுக்குத்தான் பிரிச்சேன். போட லாயக்கானதையெல்லாம் துவைச்சு, தேய்ச்சு அனுப்பிட்டேன். பதினோரு மூட்டை தேறிச்சு. நீங்க பார்த்தது ஒரு பட்டன் தைக்கணும்னு நின்னுபோன சட்டை."

"நல்லா கதை விடுறீங்க! ரூமைத் திறங்க!"

"வேணாம் மாஸ்டர். எல்லாரும் நிக்கிறாங்க. சொல்றதைக் கேளுங்க."

"பார்த்தீங்களா, பயப்படுறாங்க!" என்று டெய்லர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பேக்கரிக்காரர் முந்திக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினார்.

குப்பென்று ஒரு முடைநாற்றம். மூட்டைகள் கூரைவரை குவிந்திருந்தன. பேக்கரிக்காரர் ஒன்றை இழுத்துக் கவிழ்த்தார். எண்ணெய் பிசுபிசுத்த கோட்டுகள், அடுப்பில் பொசுங்கி ஓட்டை விழுந்தவை. காலருக்குள் குறி அப்படியே இருந்தது, ஒரு வட்டமும் இரண்டு தையலும். அது யார் குறி என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தீயில் வெந்த ஊருக்குத் தீப்பட்ட கோட்டு! பேக்கரிக்காரர் அவசரமாக அதைச் சுருட்டினார். அடுத்ததில் ஜிப் போன பேன்ட்டுகள், ஒற்றை ஒற்றையாகக் காலுறைகள், எலி கடித்த போர்வை. ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டுக் குறி. வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"பழைய துணிக்காரனைக் கூப்பிட்டேன். அவனே வேணாம்னு போயிட்டான்," என்றார் அக்கா. "இத்தனைக்கும் குறியைப் பிரிச்சு மாளாது. வெளிய குப்பையில போட்டா குறியைப் பார்த்து யார் கொடுத்ததுன்னு தெரிஞ்சிடும். உங்க மானம் போகும். கொஞ்ச கொஞ்சமா எரிச்சிடலாம்னு வெச்சிருந்தேன்."

பேசிக்கொண்டே அவர் ஒரு மூட்டையைக் காலால் மெல்ல மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளினார். டெய்லர் அதைப் பார்த்துவிட்டார். பச்சைக் கோடு போட்ட துணி.

யாரும் கவனிக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். அக்காவும் காட்டிக்கொடுக்க மாட்டார், அதுவும் தெரிந்தது. அதுதான் அவரைக் கொன்றது. குனிந்து மூட்டையை இழுத்தார், தானே அவிழ்த்தார். ஒரு கை நீளமும் ஒரு கை குட்டையுமான சட்டை. கோணல் காலர். 'இதை நீயே போட்டுக்கோ' என்று வாடிக்கையாளர்கள் முகத்தில் எறிந்துவிட்டுப் போனவை எல்லாம்.

"இது என்னோடது," என்றார். "அக்கா, நீங்க என் மானத்தைக் காப்பாத்த நினைச்சீங்க. நான் உங்க மானத்தைத் தெருவுல விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல நேத்து துவைக்காம வாங்கிட்டுப் போன கோட்டையெல்லாம் மறுபடி கொண்டுவரச் சொல்லுங்க, துவைக்கணும்," என்றார். பேக்கரிக்காரர் ஓட்டமாக ஓடினார்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, மிச்ச மூட்டை என்ன ஆச்சு? ஏமாத்தினது யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதும்மா. நாங்க எல்லாருந்தான். முதல் ஆளு நான்." கூட்டம் கேட்கட்டும் என்று டெய்லர் குரலைத் தாழ்த்தவில்லை. "உனக்குப் புதுத்துணி எடுத்து அளவு பார்த்துத் தைச்சேன். உன் பக்கத்துல படுத்திருக்கிறவங்களுக்கு என் கடைக் குப்பையைக் கட்டிக் கொடுத்தேன். கூடப் பிறந்தவளுக்குக் கொடுக்க மனசு வராத பொருளை அடுத்தவங்களுக்குக் கொடுத்தா, அதுக்குப் பேரு உதவி இல்லம்மா. நம்ம வீட்டைச் சுத்தம் பண்ணிக்கிறது."

டெய்லர் அந்தக் கோணல் சட்டையை ஓரமாகத் தள்ளினார்.

"சரி, பேப்பர் பேனா எடு," என்றார் டெய்லர். "அங்க இருக்கிறவங்க அளவை ஒவ்வொண்ணாச் சொல்லு. கை நீளத்தைச் சரியாப் பார்த்துச் சொல்லும்மா."