பதினோரு பேருக்கும் ஒரே பலவீனம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்திலிருந்து ஆள் எடுக்க வந்த அதிகாரி, பதினோரு பேரைப் பார்த்து முடித்ததும் பன்னிரண்டாவது ஆளைக் கூப்பிடாமல் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார். இரண்டு வருஷமாக இந்த அலுவலகப் பயிற்சி வகுப்பிலிருந்து ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் கைவிரித்தால் வகுப்பையே மூடிவிடுவதாகப் பிரின்சிபால் காலையில்தான் சொல்லியிருந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே.

“உக்காருங்க டீச்சர். உங்க பிள்ளைங்களுக்கு ஏதாவது தொத்துவியாதியா?”

“ஐயையோ, என்ன சார் சொல்றீங்க?”

“‘உன் பலவீனம் என்ன?’ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேன். பதினோரு பேரும், ‘எடுத்த வேலையை முடிக்காமல் எனக்கு உறக்கம் வராது’ங்கிறாங்க. ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கிட்டே சொல்றான்.”

அது டீச்சர் எழுதிக்கொடுத்த பதில். பத்தொன்பது வருஷமாக நகலெடுத்து நகலெடுத்து எழுத்தே மங்கிப்போன தாள். இதே வகுப்பில் படித்த பெஞ்சிலிருந்து எழுந்து எதிரே இருந்த டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். வேறெங்கும் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. தான் ஏறாத பஸ்ஸில் இத்தனை பேரை ஏற்றிவிடுகிறோமே என்று சில நாள் தோன்றும். தோன்றியதும் எழுந்து கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள்.

“சரி, உங்க பலவீனம் என்ன டீச்சர்?”

“எடுத்த வேலையை முடிக்காமல்...” வாய் தானாக ஆரம்பித்தது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஒரு பிள்ளை பதில் தெரியாம முழிச்சா என்னால பார்க்க முடியாது சார். நானே பதிலை எடுத்து வாயில ஊட்டிடுவேன். வீட்டுலயும் அப்படித்தான். அவருக்கு என்ன வேணும்னு அவர் வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல.”

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே செய்தியாக இருந்தது.

“அப்ப கடைசிப் பொண்ணு வரட்டும். நீங்க இங்கயே இருங்க. மூச்!”

கடைசிப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அதே கேள்வி வந்தது. அவள் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களை. டீச்சரின் நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. கைக்குட்டையை வாயில் திணித்துக்கொள்ளாத குறை.

“எனக்குப் பேச நேரமாகும் சார்,” என்றாள் பெண், ஒருவழியாக. “ஆனா எதிர்ல இருக்கிறவங்க பேச நேரமானாலும் நான் அவசரப்படுத்த மாட்டேன். டீச்சர்தான் பாவம், தவிச்சுப் போயிடுவாங்க.”

அதிகாரி சிரித்துவிட்டார். “நடுவழியில நின்ன லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க எங்களுக்குத்தான் போன் போடுவாங்க. பயத்துல முதல்ல பேச்சே வராது. அது வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கிற ஆள்தான் வேணும். திங்கட்கிழமை வந்துடும்மா.”

“மத்தவங்க, சார்?”

“இன்னும் ரெண்டு பேர் வேணும். தாளைப் பிடுங்கிட்டு மறுபடி அனுப்புங்க. ஆனா ஒண்ணு, உங்களுக்கு மட்டும் இந்த வேலை கிடைக்காது டீச்சர்!”

வெளியே பதினோரு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “டீச்சர், பலவீனத்துக்கு வேற என்ன சொல்லணும்?” பேனாக்கள் தயாராக இருந்தன.

நான்கு பதில்கள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன. டீச்சர் தாள்களை வாங்கி மடியில் வைத்து, அவற்றின்மேல் கையையும் வைத்துக்கொண்டு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.

கொட்டாவிக்காரனுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. “டீச்சர், எனக்கு எப்பப் பார்த்தாலும் தூக்கம் வருது. அதைச் சொல்லலாமா?”

டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டு அதிகாரி இருந்த அறையின் கதவைக் காட்டினாள்.